கம்ப்யூட்டர் திணறுகிறதா? ரேம் வாங்கும் முன் அறிகுறியைப் பாருங்கள்

வீட்டுக் கம்ப்யூட்டர் மெதுவாகிவிட்டது என்று சொன்னால் அக்கம்பக்கத்தில் கிடைக்கும் ஆலோசனை இரண்டுதான்: "ஃபார்மட் அடிச்சிடு" அல்லது "ரேம் போட்டுடு". இரண்டாவது ஆலோசனை சில நேரம் சரியாகவே இருக்கும், பல நேரம் காசுக்குப் பிடித்த கேடு. ரேம், அதாவது ஓடும் புரோகிராம்களைக் கம்ப்யூட்டர் வைத்திருக்கும் மெமரி, போதாமல் திணறும் கம்ப்யூட்டருக்கென்று சில அடையாளங்கள் உண்டு. ஹார்டு டிஸ்க் தேய்ந்து திணறுவதும், சூட்டில் திணறுவதும் பார்வைக்கு அதே மாதிரி இருந்தாலும் அளந்து பார்த்தால் வேறாகத் தெரியும்.

இப்போது அளந்து பார்க்க இன்னொரு காரணமும் இருக்கிறது. 2025 கடைசியில் ரேம் விலை கண்டபடி ஏறியது. சிப் தயாரிப்பாளர்கள் ஏஐ டேட்டா சென்டர்களுக்கு முதலிடம் கொடுக்க ஆரம்பித்தார்கள். மைக்ரான் நிறுவனம், க்ரூஷியல் என்ற பெயரில் கடைகளில் விற்றுவந்த ரேமையே நிறுத்தப்போவதாக அந்த ஆண்டு டிசம்பரில் அறிவித்தது. எதற்கும் ஒரு ரேம் ஸ்டிக் போட்டுப் பார்ப்போம் என்று வாங்கிய காலம் மலையேறிவிட்டது.

கீழே உள்ளவை விண்டோஸ் 10, 11 இரண்டுக்கும் பொருந்தும்.

முதலில் அளந்துவிடுங்கள்

கம்ப்யூட்டர் திணறிக்கொண்டிருக்கும் அந்த நேரத்திலேயே அளந்து, எண்களைக் குறித்துவைக்க வேண்டும். ரீஸ்டார்ட் செய்துவிட்டுப் பார்த்தால் எல்லாம் நன்றாகத்தான் தெரியும்.

கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் பெர்ஃபார்மன்ஸ் பகுதிக்குப் போய் மெமரியைக் கிளிக் செய்யுங்கள். எல்லோர் கண்ணும் முதலில் போவது சதவீதத்தின் மேல். அதை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். 8 ஜிபி உள்ள கம்ப்யூட்டரில் 60 சதவீதம் காட்டுவது சர்வ சாதாரணம். சும்மா கிடக்கும் ரேமில் அடிக்கடி தேவைப்படும் ஃபைல்களை விண்டோஸ் முன்கூட்டியே வைத்திருக்கும். 'கேஷ்டு' என்று காட்டுவதில் பெரும்பகுதி அதுதான். வேறு புரோகிராம் இடம் கேட்டால் அதை உடனே கொடுத்துவிடும். ரேமைச் 'சுத்தம்' செய்கிறோம் என்று வரும் இலவச மென்பொருள்கள் இப்படிச் சேர்த்து வைத்ததைத் தூக்கி எறிந்துவிட்டு, பார்த்தீர்களா எவ்வளவு காலியாகிவிட்டது என்று காட்டுகின்றன. எறிந்ததை விண்டோஸ் மறுபடி டிஸ்கிலிருந்து படிக்க வேண்டும். அவற்றை நீக்கிவிடுங்கள்.

பார்க்க வேண்டியது 'அவெய்லபிள்'. திணறும் நேரத்தில் இது மொத்த ரேமில் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே போய், அங்கேயே கிடந்தால் பற்றாக்குறை என்று சந்தேகப்படலாம். இது என் கைக்கணக்குதான், சட்டம் இல்லை.

அதன் பக்கத்தில் 'கமிட்டட்' என்று ஒரு ஜோடி எண் இருக்கும். 11.2/13.5 என்பது போல. இடது பக்கம், ஓடும் புரோகிராம்களுக்கெல்லாம் சேர்த்து விண்டோஸ் ஒப்புக்கொண்ட அளவு. வலது பக்கம் அதன் உச்ச வரம்பு, அதாவது ரேமும் டிஸ்கில் ஒதுக்கியிருக்கும் பேஜ் ஃபைலும் சேர்ந்தது. இடது எண் உங்கள் ரேமைவிடக் கொஞ்சம் கூடியிருந்தால் பயப்பட வேண்டாம். புரோகிராம்கள் தேவைக்கு மேல் கேட்டு வைப்பது வழக்கம். ரேமைத் தாண்டி வெகுதூரம் போய், அவெய்லபிளும் அடிமட்டத்தில் இருந்தால்தான் கணக்கு இடிக்கிறது.

கடைசிச் சாட்சி 'ஹார்டு ஃபால்ட்ஸ்'. பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், இது பழுது இல்லை. ஒரு புரோகிராம் தேடும் பகுதி ரேமில் இல்லாமல், டிஸ்குக்குப் போய் எடுத்துவர வேண்டியிருந்தால் அது ஒரு ஹார்டு ஃபால்ட். ஸ்டார்ட் மெனுவில் ரிசோர்ஸ் மானிட்டர் என்று தேடித் திறந்து, மெமரி பகுதியில் இதன் வரைபடத்தைப் பாருங்கள். புதிதாக ஒரு புரோகிராமைத் திறக்கும்போது கோடு எகிறி இறங்குவது இயல்பு. ஏற்கெனவே திறந்திருக்கும் இரண்டு புரோகிராம்களுக்கு நடுவே மாறி மாறிப் போகும்போதும் நொடிக்கு நூற்றுக்கணக்கில் தொடர்ந்து ஓடினால் ரேம் பற்றவில்லை என்று அர்த்தம்.

அறிகுறி: ஒவ்வொன்றாக நன்றாக ஓடுகிறது, சேர்த்துத் திறந்தால் நின்றுவிடுகிறது

ரேம் பற்றாக்குறையின் அசல் முகம் இதுதான். குரோமில் பதினைந்து டேப், ஒன்றில் வாட்ஸ்அப் வெப், பின்னால் எக்செல் அல்லது டேலி, பிள்ளைக்கு கூகுள் மீட்டில் வகுப்பு. தனித்தனியாக எதிலும் குறை இல்லை. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும்போது ஜன்னல் வெள்ளையாகி, 'நாட் ரெஸ்பாண்டிங்' என்று காட்டி, சில நொடி கழித்து உயிர் வருகிறது. அந்த நேரம் முழுக்க டிஸ்க் விளக்கு அணையாமல் எரிகிறது.

உள்ளே நடப்பது இவ்வளவுதான்: இடம் போதாமல், கொஞ்ச நேரம் தொடாத புரோகிராமின் பகுதிகளை விண்டோஸ் பேஜ் ஃபைலில் தள்ளுகிறது. நீங்கள் திரும்பி வந்ததும் அவற்றை மீட்டுக்கொண்டு வருகிறது. பேஜ் ஃபைல் சுழலும் ஹார்டு டிஸ்கில் இருந்தால் வேதனைதான். சிதறிக் கிடக்கும் துண்டுகளைப் படிக்கும்போது அப்படிப்பட்ட டிஸ்க் நொடிக்கு ஏறக்குறைய நூறு தடவைதான் எட்டி எடுக்கும். சுழலும் பாகமே இல்லாத எஸ்எஸ்டி என்றால் பல்லாயிரம் தடவை. அதனால் எஸ்எஸ்டி உள்ள கம்ப்யூட்டரில் இதே பற்றாக்குறை சின்னச் சின்னத் தடங்கலாகத்தான் தெரியும், பலர் கவனிப்பதே இல்லை.

ஒன்றை இதோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். பழைய டேபுக்குத் திரும்பினால் பக்கம் மறுபடி லோடு ஆவது மட்டும் ஆதாரம் ஆகாது. குரோமில் மெமரி சேவரும் எட்ஜில் ஸ்லீப்பிங் டேப்ஸும் தொடாத டேபுகளைத் தாமாகவே தூங்க வைக்கும்.

காசு எடுப்பதற்கு முன் ஒரு களையெடுப்பு. குரோமுக்குள்ளேயே தனியாக ஒரு டாஸ்க் மேனேஜர் உண்டு. மேலே மூன்று புள்ளி, அதில் மோர் டூல்ஸ். எந்த டேப், எந்த எக்ஸ்டென்ஷன் எவ்வளவு தின்கிறது என்று அங்கே தெரியும். கூப்பன் தேடித் தருகிறேன் என்று என்றைக்கோ நுழைந்த எக்ஸ்டென்ஷன் நூற்றுக்கணக்கான எம்பியைப் பிடித்து வைத்திருப்பது அபூர்வம் இல்லை. அடுத்து, விண்டோஸ் டாஸ்க் மேனேஜரின் ஸ்டார்ட்அப் பட்டியலுக்குப் போய், கூடவே எழுந்திருக்கத் தேவையில்லாத எல்லாவற்றையும் டிசேபிள் செய்யுங்கள். ஒரு நாள் பழகிவிட்டுத் திரும்ப அளங்கள். அப்போதும் அவெய்லபிள் ஒட்டிப்போய்க் கிடந்தால் ரேம் வாங்குவது நியாயம்.

எவ்வளவு? 4 ஜிபியோடு விண்டோஸ் 11 ஓட்டுபவர்கள் அளந்துகொண்டு நேரத்தைக் கழிக்க வேண்டாம். மைக்ரோசாஃப்ட் சொல்லும் குறைந்தபட்சமே 4 ஜிபிதான். அதை வைத்து ஆன் செய்யலாம், நிம்மதியாக வேலை செய்ய முடியாது. 8 ஆக்குங்கள். பிரவுசர், ஆபீஸ் வேலை, படம் பார்ப்பது இவற்றுக்கு 8 போதும். டேபை மூடவே மனசு வராதவர்களுக்கும், போட்டோஷாப், ஆண்ட்ராய்டு ஸ்டூடியோ வைத்திருப்பவர்களுக்கும் 16. வீடியோ எடிட்டிங்கை முழுநேரமாகச் செய்பவர்களும் விர்ச்சுவல் மெஷின் ஓட்டுபவர்களும் தவிர வீட்டில் 32 எதற்கு என்று எனக்குப் புரியவில்லை.

அறிகுறி: ஆன் செய்து பத்து நிமிடம் எதுவும் அசைவதில்லை, பிறகு பரவாயில்லை

டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் 100 சதவீதம், மெமரி 50 சதவீதம் என்று இருந்தால் ரேமை மறந்துவிடுங்கள். ஹார்டு டிஸ்க் தான் காரணம். எஸ்எஸ்டிக்கு மாறுங்கள். 2.5 இன்ச் சாட்டா எஸ்எஸ்டி பழைய லேப்டாப்பிலும் ஹார்டு டிஸ்க் இருந்த இடத்திலேயே உட்காரும். கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் பழைய டிஸ்கின் உடல்நிலையையும் பார்த்துவிடுங்கள். 'காஷன்' என்று காட்டினால் முதல் வேலை போட்டோக்களை வேறு இடத்தில் எடுத்து வைப்பது.

ரேமும் குறைவு, டிஸ்கும் பழசு, கையில் இருப்பதோ ஒன்றுக்கு மட்டும்தான் காசு என்றால்? நான் எஸ்எஸ்டி பக்கம். பூட் ஆவது, புரோகிராம் திறப்பது, பேஜ் ஃபைல் எல்லாமே அதில் ஒரே அடியாக வேகமாகும். ரேம் அடுத்த மாதம் வரட்டும்.

சி டிரைவ் சிவப்பு நிறத்தில் நிரம்பிக் கிடப்பதும் இந்த வகைதான். அதற்கு ரேம் ஒரு துளியும் உதவாது. டவுன்லோட்ஸ் ஃபோல்டரைப் பாருங்கள்.

அறிகுறி: காலையில் பறக்கிறது, சாயங்காலம் ஊர்கிறது

பெர்ஃபார்மன்ஸில் சிபியு பகுதிக்குப் போய் 'அப் டைம்' பாருங்கள். தினமும் ராத்திரி ஷட் டவுன் செய்தும் அங்கே இருபது நாள் என்று காட்டினால் ஆச்சரியப்படாதீர்கள். விண்டோஸ் 8 முதல் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்று ஒன்று உண்டு. ஷட் டவுன் கொடுத்தாலும் விண்டோஸின் உள்பகுதியை அப்படியே டிஸ்கில் எழுதி வைத்து, மறுநாள் அதையே எழுப்பும். உண்மையில் எல்லாவற்றையும் துடைத்துவிட்டுப் புதிதாகத் தொடங்குவது ரீஸ்டார்ட்தான். முதலில் அதைச் செய்து பாருங்கள்.

செய்த பிறகும் நேரம் ஆக ஆக 'இன் யூஸ்' ஏறிக்கொண்டே போனால் ஏதோ ஒன்று வாங்கிய இடத்தைத் திருப்பித் தருவதில்லை. இதை மெமரி லீக் என்பார்கள். பிராசஸ் பட்டியலை மெமரி வாரியாக வரிசைப்படுத்தி, மணிக்கொரு தடவை பாருங்கள். சும்மா இருக்கும்போதும் ஒரே பெயர் ஏறிக்கொண்டே போனால் அதுதான் ஆள். அப்டேட் செய்யுங்கள், இல்லையென்றால் நீக்குங்கள்.

பட்டியலைக் கூட்டிப் பார்த்தால் கணக்கு ஒத்துவராமல், யாரும் தின்னாத ஜிபிக்கள் காணாமல் போயிருக்கும் கேஸும் உண்டு. மெமரி பக்கத்தின் கீழே 'நான்-பேஜ்டு பூல்' என்று ஒரு எண் இருக்கிறதே, அதைப் பாருங்கள். விண்டோஸின் உள்பகுதியும் டிரைவர்களும் (ஹார்டுவேரை இயக்கும் மென்பொருள்கள்) பிடித்து வைத்திருக்கும் ரேம் அது. சாதாரணமாகச் சில நூறு எம்பி இருக்கும். அது பல ஜிபி காட்டினால் ஏதோ ஒரு டிரைவர் கசிகிறது. நெட்வொர்க் டிரைவரையும் ஆன்டிவைரஸையும் முதலில் சந்தேகப்படுங்கள். இங்கே ரேம் சேர்த்தால், ஊர்வது சாயங்காலத்துக்குப் பதில் மறுநாள் தொடங்கும், அவ்வளவுதான்.

அறிகுறி: எப்போதும் மெதுவு, மெமரியும் டிஸ்கும் சும்மாதான் இருக்கின்றன

சிபியு பகுதியில் 'ஸ்பீடு' எண்ணைப் பாருங்கள். வேலை நெருக்கும்போது அது ஏறாமல், பேஸ் ஸ்பீடுக்கு வெகு கீழே ஒட்டிக்கொண்டிருந்தால் சூடு காரணமாக இருக்கலாம். ஃபேனில் தூசி, காய்ந்துபோன தெர்மல் பேஸ்ட். மெத்தை மேல் லேப்டாப் வைத்து வேலை செய்யும் வீடுகளில் இது சகஜம். பிரவுசர் மட்டும்தான் மெதுவு என்றால் அது இன்டர்நெட் சமாசாரம். போனை அதே வைஃபையில் வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

அறிகுறி: கேம் விட்டு விட்டு ஓடுகிறது, தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லை

மெமரி பக்கத்தில் 'ஸ்லாட்ஸ் யூஸ்டு' 1 ஆஃப் 2 என்று இருக்கிறதா? விலை குறைந்த லேப்டாப்கள் பலவற்றில் ஒரே 8 ஜிபி ஸ்டிக் போட்டு அனுப்புகிறார்கள். புராசசருக்குள் இருக்கும் கிராஃபிக்ஸுக்கென்று தனி மெமரி கிடையாது, ரேமைத்தான் பங்கு போட்டுக்கொள்ளும். ஒரு ஸ்டிக் இருந்தால் ரேமுக்குப் போகும் பாதை (சேனல்) ஒன்றுதான், அதனால் பாதி அகலம்தான் கிடைக்கும். அதே மாதிரி இன்னொரு ஸ்டிக் சேர்த்தால் இரண்டு சேனல். ஐரிஸ் எக்ஸ்இ என்று சொல்லி விற்ற இன்டெல் லேப்டாப்பில் ஒரு ஸ்டிக் மட்டும் இருந்தால், அது தன்னை வெறும் யுஎச்டி கிராஃபிக்ஸ் என்றே காட்டும். இரண்டாவது ஸ்டிக் போட்டதும் பெயர் மாறும். மெமரி நிரம்பாமலேயே ரேம் வாங்குவது பலன் தரும் ஒரே இடம் இதுதான்.

அறிகுறி: போட்டது 8, காட்டுவது 3 சொச்சம்

செட்டிங்ஸில் சிஸ்டம், அபௌட் போய்ப் பாருங்கள். '32-பிட் ஆப்பரேட்டிங் சிஸ்டம், எக்ஸ்64 புராசசர்' என்று இருந்தால் கோளாறு விண்டோஸில். 32-பிட் விண்டோஸ் 10, 4 ஜிபிக்கு மேல் பார்க்காது. அதிலும் ஒரு பகுதி மற்ற ஹார்டுவேருக்குப் போய், கைக்கு வருவது மூன்றிலிருந்து மூன்றரை வரைதான். 64-பிட் விண்டோஸை முதலிலிருந்து இன்ஸ்டால் செய்ய வேண்டும், மேலேயே அப்கிரேடு செய்ய வழி இல்லை. லைசென்ஸ் அதேதான், தனியாகக் காசு கொடுக்கத் தேவையில்லை. ஃபைல்களை முன்பே காப்பி எடுத்து வையுங்கள்.

64-பிட்தான், ஆனாலும் குறைகிறது என்றால் 'ஹார்டுவேர் ரிசர்வ்டு' எண்ணைப் பாருங்கள். சில நூறு எம்பி என்றால் அது கிராஃபிக்ஸின் பங்கு, விட்டுவிடலாம். சரி பாதி காணவில்லை என்றால் ஒரு ஸ்டிக் சரியாக உட்காரவில்லை, அல்லது யாரோ 'வேகமாக்குகிறேன்' என்று சிஸ்டம் கான்ஃபிகரேஷனில் பூட் பகுதியின் அட்வான்ஸ்டு ஆப்ஷனில் 'மேக்சிமம் மெமரி' டிக்கைப் போட்டுவிட்டுப் போயிருக்கிறார். டிக்கை எடுத்துவிட்டு ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

அறிகுறி: மெமரி பற்றவில்லை என்ற அறிவிப்பு, ஆனால் ரேம் காலியாகத்தான் இருக்கிறது

பேஜ் ஃபைலை யாரோ அணைத்திருக்கிறார்கள். கமிட்டட் வலது எண் உங்கள் ரேம் அளவிலேயே நின்றால் அதுதான் விஷயம். விர்ச்சுவல் மெமரி அமைப்பில் 'ஆட்டோமேட்டிக்கலி மேனேஜ்' என்பதை டிக் செய்யுங்கள்.

அறிகுறி: நீலத் திரை, காரணமில்லாமல் ரீஸ்டார்ட்

'மெமரி மேனேஜ்மென்ட்', 'பேஜ் ஃபால்ட் இன் நான்பேஜ்டு ஏரியா' என்றெல்லாம் நீலத் திரையில் வந்தால், ரேம் குறைவு என்று பலர் நினைத்து இன்னொன்றை வாங்கிச் சேர்க்கிறார்கள். அளவு குறைந்தால் மெதுவாகும், நீலத் திரை வராது. இருக்கும் ரேம் கெட்டிருக்கலாம், டிரைவராகவும் இருக்கலாம்.

ஸ்டார்ட்டில் விண்டோஸ் மெமரி டயக்னோஸ்டிக் தேடி ஓட விடுங்கள். அது சுத்தம் என்று சொன்னாலும் சந்தேகம் தீராவிட்டால் மெம்டெஸ்ட்86 ஒரு பென் டிரைவில் போட்டு ராத்திரி முழுக்க ஓட விடுங்கள். ஒரே ஒரு பிழை வந்தாலும் பிழைதான், 'பரவாயில்லை' என்ற கணக்கு இதில் கிடையாது. அசெம்பிள் செய்த கம்ப்யூட்டரில் எக்ஸ்எம்பி (ரேமைக் கூடுதல் வேகத்தில் ஓட்டும் அமைப்பு) ஆன் ஆகியிருந்தால் அதை அணைத்துவிட்டும் சோதியுங்கள். பிறகு ஒரே ஸ்லாட்டில் ஒவ்வொரு ஸ்டிக்காக மாற்றிப் போட்டுப் பார்த்தால் கெட்டது எது என்று பிடிபடும். கழற்றும்போது தங்க நிறப் பற்களை மென்மையான ரப்பரால் லேசாகத் துடைத்து, துகளை ஊதிவிட்டுத் திரும்பச் செருகுங்கள். கடைக்காரர்கள் காலம் காலமாகச் செய்வது, பாதி கேஸ் அதிலேயே முடிந்துவிடும்.

சரி, வாங்குவது என்று முடிவாகிவிட்டதா?

மெமரி பக்கத்தில் 'ஃபார்ம் ஃபேக்டர்' பாருங்கள். 'ரோ ஆஃப் சிப்ஸ்' என்று இருந்தால் ரேம் போர்டிலேயே சால்டர் செய்தது, கழற்ற முடியாது. சில மாடல்களில் சால்டர் செய்ததோடு ஒரு ஸ்லாட்டும் கூடுதலாக இருக்கும், அதனால் மாடல் எண்ணைப் போட்டு நிறுவனத்தின் பக்கத்தில் ஒரு தடவை பாருங்கள். எம்1 முதல் வந்த மேக்புக்குகளில் வாய்ப்பே இல்லை.

ரேமின் தலைமுறைகளான டிடிஆர்3, 4, 5 ஒன்றுக்குப் பதில் ஒன்று போடவே முடியாது, வெட்டு இருக்கும் இடமே வேறு. பழைய லேப்டாப்காரர்கள் இன்னும் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: 1.35 வோல்ட் டிடிஆர்3எல் கேட்கும் லேப்டாப்பில் 1.5 வோல்ட் டிடிஆர்3 உட்காரும், ஆனால் ஓடாது. சென்னை ரிச்சி தெருவிலும் ஆன்லைனிலும் மலிவாகக் கிடைக்கும் சர்வர் ரேம் இன்னொரு கண்ணி. 'ரெஜிஸ்டர்டு' என்று போட்டிருந்தால் வீட்டு போர்டில் ஓடாது. உச்ச வரம்பும் உண்டு. இன்னும் பல வீடுகளில் ஓடிக்கொண்டிருக்கும் பழைய இன்டெல் எச்61 மதர்போர்டுக்கு இரண்டு ஸ்லாட், மொத்தம் 16 ஜிபி, அதற்கு மேல் ஏறாது. வேகம் வேறு வேறான இரண்டு ஸ்டிக் போட்டால் இரண்டும் மெதுவானதின் வேகத்துக்கு இறங்கி ஓடும், அதில் தப்பில்லை. பழைய டிடிஆர்3 கம்ப்யூட்டருக்கு நல்ல செகண்ட் ஹேண்ட் ஸ்டிக்கே போதும், கடையிலேயே டெஸ்ட் செய்து வாங்குங்கள்.

போடும்போது ஒயரைப் பிடுங்கி, பவர் பட்டனைச் சில நொடி அழுத்திப் பிடித்து மிச்ச மின்சாரத்தை வெளியேற்றுங்கள். லேப்டாப் என்றால் பேட்டரி இணைப்பையும் கழற்ற வேண்டும். லேப்டாப்பில் ஸ்டிக்கைச் சாய்வாக முழுக்கச் செருகி, பிறகு அழுத்தினால், டெஸ்க்டாப்பில் நேராக அழுத்தினால், இரண்டு பக்கக் கொக்கியும் 'டிக்' என்று பிடிக்கும். டிடிஆர்5 போர்டில் முதல் தடவை ஆன் செய்யும்போது சில நிமிடம் திரை கறுப்பாகவே நிற்கலாம். போர்டு புதிய ரேமைப் பழக்கிக்கொள்கிறது, பாதியில் அணைத்துவிடாதீர்கள்.

விண்டோஸ் வந்ததும் அதே டேப்கள், அதே எக்செல், அதே மீட் எல்லாவற்றையும் திறந்து, முன்பு குறித்துவைத்த எண்களோடு ஒப்பிடுங்கள். அவெய்லபிள் தாராளமாகி, ஹார்டு ஃபால்ட்ஸ் அடங்கியிருக்க வேண்டும். இரண்டும் நடந்தும் கம்ப்யூட்டர் அதே மாதிரி நிற்கிறது என்றால், பில் கையில் இருக்கும்போதே கடைக்காரரிடம் திருப்பி எடுப்பாரா என்று கேளுங்கள். அந்தக் காசுக்கு எஸ்எஸ்டி வாங்கிக்கொள்ளலாம்.